பசையில் பதிந்த எண்

ஸ்கூட்டர் இன்ஜினின் இடது பாதி என் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. அடியில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தேன். அதில் ஏதோ ஒரு மேம்பாலத் திறப்பு விழாப் படம். ரிப்பன் வெட்டுகிறவரின் முகத்தில் எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பேரிங்கைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, சிமெண்ட் சாக்கில் சுற்றிக் கொடுத்திருந்தார். நீளமான அலுமினிய வார்ப்பு, கிட்டத்தட்ட ஒரு முழம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கையில் கனம் இல்லை. அதன் ஒரு முனையில், வெளிப்புறத்தில், கீழ் விளிம்பை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. சப்பாத்தி மாவை அப்பியதுபோல் இருந்தது. தொட்டால் கல். சாம்பல் நிறம், நடுவில் மட்டும் சிவப்பும் மஞ்சளும் உறைந்திருந்தன.

அந்தத் திட்டுக்கு அடியில்தான் இன்ஜின் எண் இருந்தது.

நான் மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். பத்திரிகை அலுவலகத்தில் இருந்த காலத்திலேயே எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. முதல் பக்கத்துக்கு வரவேண்டிய செய்தி வராமல் இருந்தால் உட்கார முடியாது. ஓய்வு பெற்று மைசூர் விஜயநகருக்கு வந்த பிறகு, நடப்பதற்குக் காரணம் இல்லாமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது.

"ஏண்ணா, இப்புடிச் சுத்திச் சுத்தி நடந்தா பசை கழண்டு வந்துருமா?" என்றாள் தங்கை. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஸ்கூட்டர் அவளுடையது.

எங்கள் ஊர் கர்நாடகத்தில் ஹனூர் பக்கம். அவளைக் கட்டிக் கொடுத்தது பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் ஒரு சிறு ஊரில். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஒரு பையோடு அந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, காட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, மலைப்பாதை ஏறி இறங்கி, மைசூருக்கு வந்து சேர்ந்தாள். கண்ணும் புருவமும் செம்மண்ணாக இருந்தன. அவளாகச் சொன்னது ஒரே வாக்கியம்: "இனி அங்க போமாட்டேண்ணா."

ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்தவள். இங்கே ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். விஜயநகரில் ஓய்வூதியக்காரர்கள் அதிகம். எல்லோருக்கும் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. எல்லோரும் காபி குடிக்காமல் வாசலில் நின்று இவளுக்காகக் காத்திருப்பார்கள். சில நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போவாள். கிழவர்களின் கையில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. முக்கியமாக, வண்டியில் போவது பிடித்திருந்தது.

வண்டியின் எண் மட்டும் தமிழ்நாட்டுடையது. ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள்: கர்நாடகப் பதிவு இருந்தால்தான் வெளிவேலை, இல்லாவிட்டால் கவுண்டரில் உட்காரலாம். பதிவை மாற்ற அந்த ஊர் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதை ஓர் ஏஜெண்ட் மூலம் எப்படியோ வாங்கினோம். அதற்குள் விஷயம் அவள் கணவரின் காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் அடிக்கடி ஃபோன் செய்தார். அந்தச் சான்றுக்குக் காலக்கெடு உண்டு என்பது அவருக்குத் தெரியும். "அது செல்லாமப் போச்சுன்னா மறுபடி இங்கதான வரோணும். வா, நேர்ல உக்காந்து பேசிக்கலாம். காயிதத்த நானே வாங்கித் தாரேன்." மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

சான்றின் கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. இங்கே போக்குவரத்து அலுவலகத்தில் முதல் முறை வண்டியைக் காட்டப் போனபோது, ஆய்வாளர் குனிந்து டார்ச் அடித்தார். சேஸிஸ் எண்ணின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்துக்கொண்டார். பிறகு இன்ஜின் எண்ணைத் தேடினார். பசையைத் தட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

என்னம்மா இது என்பதைக் கன்னடத்தில், "ஏனம்மா இது?" என்று கேட்டார்.

"எண்ணெய் ஒழுகுச்சு சார். அடைச்சேன்."

அவர் நிமிர்ந்து கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். எடுத்துவிட்டு வாருங்கள் என்றார். அரம் கூடாது, உப்புத்தாள் கூடாது, மெஷின் கூடாது. எண்ணின்மேல் கை வைத்த அடையாளம் தெரிந்தால் தான் தொடப்போவதில்லை, தடயவியலுக்குத்தான் அனுப்ப வேண்டிவரும், அது எப்போது திரும்பும் என்று தனக்கே தெரியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திருட்டு வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்போல் இருந்தார்.

பசை வந்த கதை இது. அவள் இங்கே வந்த முதல் மழைக்காலத்தில் ஏதோ ஒரு வேகத்தடையில் இன்ஜினின் அடிப்பாகம் இடித்து, மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விட்டிருந்தது. நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கியர் ஆயில் விழும். இந்த வருடத் தசரா வந்தது. ஆயுத பூஜையன்று ஆய்வக வாசலில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் முன்னும் கோலம் போட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். முந்தைய வருடம் இவள் வண்டி கோலத்தின்மேல் எண்ணெய் சொட்டி, முதலாளி அம்மா முகம் சுளித்திருக்கிறார். அதனால் இந்த முறை, பூஜைக்கு முந்தின நாள் ஹார்ட்வேர் கடையில் இரண்டு டியூப் எபாக்ஸி பசை வாங்கி, இரண்டையும் கலந்து, ஈரம்கூடத் துடைக்காமல், விரிசல் எங்கே என்று தேடாமல், அந்தப் பக்கம் முழுக்க அப்பிவிட்டாள். தண்ணீர்த் தொட்டிக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கும் அப்படித்தான் எங்கள் வீட்டில் அடைப்போம். மறுநாள் காலையில் பசை முழுதாக இறுகவில்லை. ஸ்கூட்டரில் இன்ஜின் வெளியே தெரிகிற இடம் அது ஒன்றுதான். ஆயுதம் என்றால் இன்ஜின்தானே என்று மஞ்சளும் குங்குமமும் அங்கேயே வைத்தாள்.

ஒழுகல் ஒரு வாரத்தில் மறுபடி தொடங்கியது. குங்குமம் மட்டும் போகவில்லை.

மெக்கானிக் ஹெப்பாள் பக்கம் கடை வைத்திருக்கிற மைசூர்த் தமிழர். எந்த வாக்கியத்தையும் ஒரே மொழியில் முடிக்க மாட்டார், பாதி தமிழ், பாதி கன்னடம். விரிசலை வெல்டிங் வைக்க எப்படியும் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார், பிரித்தும் விட்டார். பசை இருக்கும்வரை வெல்டிங்காரர் தொடமாட்டார், பசை எரிந்து புகைந்தால் உலோகம் பிடிக்காது என்றார். அதுவரைக்கும் சரியாகத்தான் சொன்னார்.

"சார், சும்னே தலையக் கெடுத்துக்காதீங்க. பாலிஷ் போடற பஃப் வீல்ல வெச்சா ஸ்வல்ப நேரம். கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"எண்?"

"எண்ணும் போயிடும். அதுக்கென்ன? ஆர்சி புக்ல இருக்குதல்ல? பஞ்ச் செட் வெச்சிருக்கேன். அதே நம்பர அதே எடத்துல அடிச்சா ஆயித்து."

தங்கை கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். "அடிச்சது தெரியுமாங்?"

"பாக்கறவர் பாத்தா தெரியும் அக்கா. பாக்காதவர் பாத்தா தெரியாது."

"நாங்க பாக்கறவர்கிட்டத்தான போகோணும்" என்றாள். ஆனாலும் அவள் பார்வை பஞ்ச் பெட்டியைவிட்டு உடனே நகரவில்லை. நான் அந்த வார்ப்பைச் சாக்கில் சுற்றச் சொல்லி, ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அப்படித்தான் அது என் மேசைக்கு வந்தது. என் மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தாள். அது இல்லாவிட்டால் இந்த மேசை கிடைத்திருக்காது.

முதலில் நகப்பூச்சு அழிக்கும் திரவம். தங்கை கொண்டுவந்தாள். பஞ்சில் நனைத்து, திட்டின்மேல் வைத்து, பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டினோம். நான் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தேன். பிரித்துப் பார்த்தபோது பஞ்சு முழுக்கச் சிவப்பு.

"ரத்தம் வருதுண்ணா" என்றாள்.

"தெனமும் எத்தன பேருக்கு எடுக்கற? இதுக்குப் பயப்படற?"

"அதுக எல்லாம் என்ற ரத்தம் இல்லியே."

மேலே இருந்த குங்குமம் கொஞ்சம் கரைந்திருந்தது, அவ்வளவுதான். பசையில் கத்தி முனையை வைத்தால் கோடுகூட விழவில்லை. பெயிண்ட் கடையில் தின்னர் வாங்கினேன். வீடு முழுக்க நாற்றம் அடித்தது. ஜன்னல்களைத் திறந்து போட்டேன். மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்து, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். பசை அப்படியே இருந்தது. கலந்து இறுகிவிட்ட எபாக்ஸி சாதாரணக் கரைப்பானுக்கு இளகாது என்று பிறகு படித்தேன். டப்பாவைத் திறப்பதற்கு முன்பே படித்திருக்கலாம்.

ஹார்ட்வேர் கடைக்காரர், சாக்கடை அடைப்புக்குப் போடுகிற தூளைச் சொன்னார். எதையும் அரித்துவிடும் என்றார். அந்த 'எதையும்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு செய்தியில் அப்படி ஒரு சொல் வந்தால் அடித்துவிடுவேன். மெக்கானிக் கடைத் தரையில் பொறுக்கி வந்த உடைந்த பிரேக் லீவர் ஒன்று பையில் இருந்தது, அதுவும் அலுமினியம்தான். பின்கட்டில் பழைய பிளாஸ்டிக் மக்கில் அந்தத் தூளைக் கரைத்து லீவரைப் போட்டேன். நுரைத்துக்கொண்டு கொதித்தது. எடுத்தபோது கறுத்து, சொரசொரப்பாக, விளிம்பு கரைந்து போயிருந்தது. எண் இருந்திருந்தால் அதுதான் முதலில் போயிருக்கும்.

தங்கை அந்த லீவரைக் கையுறை போட்ட விரல்களால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பையில் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டாள்.

"அவரா?"

"ம்."

"என்னவாம்?"

"வெள்ளிக்கெழம நல்ல நாளாம்."

நான் மறுபடி நடக்க ஆரம்பித்தேன்.

சூடுதான் மிச்சம் இருந்தது. கேஸ் டார்ச் வைத்துச் சுட்டால் பசை போய்விடும், மெல்லிய வார்ப்பும் வளைந்துவிடும் என்ற பயம் இருந்தது. வளைந்தால், இரண்டு பாதிக்கும் நடுவே கேஸ்கட் உட்காரும் விளிம்பு சமனாக இருக்காது. வேறு இடத்தில் ஒழுகும். தங்கையின் ஹேர் டிரையரைக் காட்டினோம். அது தலைமுடிக்குத்தான் லாயக்கு. அப்போதுதான் அவள் சொன்னாள்: "வேக வெச்சுப் பாப்பமா? நெருப்பு நேரா படாது. தண்ணி கொதிக்கறதுக்கு மேல சூடு போகாது."

அவள் சொன்னதில் தர்க்கம் இருந்தது. ஆனால் அந்த நீளத்துக்கு வீட்டில் இருந்த ஒரே பாத்திரம் என் மனைவியின் பெரிய இட்லிப் பானை. விசேஷங்களுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குவது. நான் தயங்கியதைப் பார்த்துத் தங்கை சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"அண்ணிக்குப் புதுசு வாங்கி வெச்சுருவோம். இதுல இனி இட்லி ஊத்துனா பசை வாசந்தான் வரும்."

எண் இருந்த முனை மட்டும் தண்ணீரில் மூழ்கியது. மறு முனை, பெரிய கரண்டிபோல் பானைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பைப் பெரிதாக்கினோம். தண்ணீர் கொதித்தது. மேலே எண்ணெய் மினுக்கம் மிதந்து வந்தது. நான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். தெருவில் ஒருவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அதே கதவைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை வெளியே எடுத்து மேசைக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிட்டது. மறுபடி கல். இரண்டாவது தடவை பானைக்குள்ளேயே வைத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன். விரல் சுட்டது, ஆனால் நகம் பதிந்தது. பசை தோல்செருப்புபோல் ஆகியிருந்தது.

"எடுக்காதண்ணா. அங்கியே வெச்சு நெம்பு."

எதை வைத்து நெம்புவது என்பதுதான் அடுத்த கேள்வி. இரும்பு எதுவும் கூடாது, அலுமினியம் கீறிவிடும். பசையைவிடக் கெட்டியாக, அலுமினியத்தைவிட மெத்தென்று ஏதாவது வேண்டும். காலையில் துருவிய தேங்காயின் கொட்டாங்குச்சி குப்பைக் கூடையில் இருந்தது. அதை உடைத்து, ஒரு சில்லின் விளிம்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கூராக்கினாள். சமையல் துணியைச் சுற்றி நான் வார்ப்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் திட்டின் கீழ் விளிம்பில் சில்லைச் செருகினாள்.

கீழ்ப்பக்கம் உடனே விட்டுக்கொடுத்தது. அங்கே பசைக்கும் உலோகத்துக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருந்தது. துடைக்காமல் பூசியதால் பசை சரியாகப் பிடிக்கவே இல்லை. ஒழுகல் நிற்காததற்கும் அதுதான் காரணம். மேலே எண் இருந்த இடத்தில்தான் அழுத்தமாக ஒட்டியிருந்தது. கொஞ்சம் நெம்புவாள், கொதிநீரைக் கரண்டியால் எடுத்து மேலே ஊற்றுவாள், மறுபடி நெம்புவாள். முகம் வியர்த்து வழிந்தது. கண்ணாடியில் ஆவி படிந்து நான் எதையும் பார்க்க முடியவில்லை.

"வருது" என்றாள்.

உரித்த மாங்கொட்டைத் தோல்போல் முழுத் திட்டும் ஒரே தகடாகக் கழன்று பானைக்குள் விழுந்தது.

அடியில் எண் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆர்சி புத்தகத்தில் இருந்த அதே வரிசை. ஓர் எழுத்தும் தேயவில்லை. இரண்டு இலக்கங்களின் பள்ளத்தில் மட்டும் பசைத் துணுக்குகள் மாட்டியிருந்தன.

நான் தகட்டைக் கரண்டியால் எடுத்து வாஷ் பேசினில் போட்டேன். ஆறிய பிறகு குப்பைக்கு எறியலாம் என்று எடுத்தபோது, பின்பக்கம் ஏதோ நெருடியது. திருப்பிப் பார்த்தேன். எண் அதிலும் இருந்தது, புடைத்துக்கொண்டு, இடம் வலம் மாறி. பள்ளத்துக்குள் போய் இறுகிய பசை, அச்சில் வார்த்ததுபோல் அப்படியே வெளியே வந்திருந்தது. மறுபக்கத்தில் குங்குமம்.

"எறியாதண்ணா" என்றாள் தங்கை. "குடு."

"எதுக்கு?"

"ஒடம்புல இருந்து எடுத்தத அப்புடியே குப்பையில போட எனக்குக் கை வராது." வேலைப் பையிலிருந்து மாதிரி வைக்கும் பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தாள். தகட்டைத் துடைத்து உள்ளே போட்டு, லேபிளில் வண்டி எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டினாள். 'எடுத்தவர்' என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அது அவளுடைய அன்றாடப் பழக்கம்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். பள்ளத்தில் மாட்டிய துணுக்குகளை இன்னொரு முறை வேகவைத்துத் துலக்கியிருக்கலாம். ஆனால் அவள் அதற்குள் ஒரு புது ஊசியைப் பிரித்துவிட்டாள். உலோகம் இன்னும் சூடாக இருந்தது. ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஊசி முனையால் பள்ளத்தின் ஓரத்தில் நுணுக்கமாகக் கிண்டினாள். முதல் துணுக்கு தெறித்து வந்தது. இரண்டாவது அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். முனை வளைந்து நழுவியது.

ஒரு சின்னச் சத்தம். எட்டின்மேல் தொடங்கி அடுத்த மூன்றின் வயிறு வரைக்கும் பளீரென்று ஒரு கோடு.

கிழவர்களின் நரம்பை ஒரே குத்தில் பிடிக்கிற கை. அதை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோடு விழுந்துருச்சுண்ணா."

"எண் படிக்க முடியுது."

"கை வெச்ச அடையாளம் தெரிஞ்சா தொடமாட்டேன்னாரு."

மெக்கானிக்கிடம் வார்ப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கோட்டைப் பார்த்தார். "அட, உப்புத்தாள்ல லேசா ஒரு தேய்ப்பு. மாயம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். கோடு ஒன்றுதான் என்றால் அது நழுவல். தேய்த்தால் அது முயற்சி. அவர் தோளைக் குலுக்கினார். "உங்க இஷ்டம் சார். பேப்பர்ல இருந்தவங்களோட வாதம் பண்ண ஆகல்ல."

வெல்டிங் முடிந்து, இன்ஜின் சேர்ந்து, வண்டி ஓடத் தொடங்கியது. ஒழுகல் நின்றது. அதில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. மீண்டும் காட்டக் கிடைத்த நாள் வெள்ளிக்கிழமை. சான்றின் கெடுவுக்குள் வேறு நாள் இல்லை. அதுவரை தங்கை பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ரத்தம் எடுக்கப் போனாள். நான் அந்தக் கோட்டை ஃபோனில் படம் எடுத்து வைத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க அது அரம் போட்டதுபோலத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அலுவலக மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. புது கார்கள், ஒரு பள்ளி வேன், நாலைந்து ஸ்கூட்டர்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தங்கை வண்டியைவிட்டு நகராமல் நின்றாள். நான் வேப்பமரத்துக்கும் கேட்டுக்கும் நடந்தேன். அதே ஆய்வாளர்தான் வந்தார். அவருக்கு எங்களை நினைவிருந்தது.

குனிந்தார். டார்ச் அடித்தார். நகத்தை எண்ணின்மேல் குறுக்காக ஓட்டினார். நகம் எந்த இடத்தில் நின்றது என்பதை நான் பார்த்தேன்.

"இது என்ன?" கன்னடத்தில்தான் பேச்செல்லாம்.

நான் ஆரம்பித்தேன். சூடு, தண்ணீர், கொட்டாங்குச்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்க்காமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீ இரு" என்று தமிழில் சொல்லிவிட்டு, அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஊசி சார். பள்ளத்துல மாட்டுன பசைய எடுத்தேன். கை நழுவிருச்சு."

"எல்லோருக்கும் கைதான் நழுவுகிறது, அம்மா. எண் மாற்றுகிறவனுக்கும்."

அவள் முகம் சிவந்தது. ஒரு கணம் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல், சீட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டாள். ஐஸ் பெட்டி, பஞ்சுச் சுருள், ரப்பர் கட்டு எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அந்தக் கவரை எடுத்தாள்.

அவர் வாங்கவில்லை. ஓர் அடி பின்னால் போனார். "இது ரத்தமா?"

"குங்குமம் சார். ஆயுத பூஜைக்கு வெச்சது. பின்னால பாருங்க."

கவரோடு வாங்கித் திருப்பினார். புருவம் சுருங்கியது. புடைத்திருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவினார். படிக்க முடியவில்லை. தகட்டைக் கவரிலிருந்து எடுத்து, ஸ்கூட்டரின் வலது பக்கக் கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பி, அதன் முன்னால் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் எண் நேராக நின்றது. ஒவ்வோர் இலக்கமாக ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டார். உதடு அசைந்தது. எட்டுக்கு வந்தார். மூன்றுக்கு வந்தார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"கோடு இதில் இல்லை" என்றார்.

பசையை எடுத்த பிறகு விழுந்த கோடு அதில் இருக்க வழியில்லை.

"பசை எப்போது பூசியது?"

"தசராவுல சார். போன தடவ நீங்களே தட்டிப் பாத்தீங்க."

அவர் மறுபடி குனிந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, எண்ணைச் சுற்றியுள்ள உலோகத்தைப் பார்த்தார். வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. தேய்த்த பளபளப்பு எங்கும் இல்லை. தன் ஃபோனில் எண்ணைப் படம் எடுத்தார். தகட்டின் இரண்டு பக்கத்தையும் எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து, எண்ணின்மேல் காகிதத்தை ஒட்டித் தேய்த்தார். கோடும் நகலில் விழுந்தது. அதைக் கோப்பில் ஒட்டி, பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டார்.

"அடுத்த தசராவுக்குக் குங்குமத்தை ஹெட்லைட்டில் வையம்மா" என்றார். தகட்டைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நான் வண்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். தங்கை மட்டும் அசையாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஃபோன் அடித்தது. பேரைப் பார்த்தாள். இந்த முறை எடுத்தாள்.

"வண்டியப் பாத்தாச்சு. பாஸ் ஆயிருச்சு." கொஞ்சம் கேட்டாள். "இல்லீங். நான் வர்ற வேலை இல்ல." இன்னும் கொஞ்சம் கேட்டாள். "வெச்சர்றேன். ஒருத்தர் சாப்புடாம ஒக்காந்துட்டு இருக்காரு, ரத்தம் எடுக்கோணும்."

ஃபோனைப் பையில் போட்டாள். ஹெல்மெட்டை மாட்டினாள். "நீ ஆட்டோவுல போயிருண்ணா" என்றாள். "பானை நான் வாங்கியாறேன்."

வண்டி ஒரே உதையில் எடுத்தது. அவள் நின்றிருந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். தரையில் எண்ணெய் இல்லை. நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன்: வலது பக்கக் கண்ணாடி அவர் திருப்பிவிட்ட கோணத்திலேயே, வானத்தைப் பார்த்தபடி இருந்தது. அப்படியே போனால் பின்னால் வருவது எதுவும் தெரியாது. கையை ஆட்டிக் கத்தினேன். கேட்டுக்கு வெளியே பஸ் ஒன்றின் பின்னால் அவள் ஏற்கெனவே திரும்பிவிட்டிருந்தாள். அவள் ஃபோன் செய்து, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும்வரை, அந்த வேப்பமரத்துக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.